நாலு பேர் பந்தயத்தில் மெதுவான ஆள் யார்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு தம்பி, தன் அண்ணன், அண்ணி, ஒரு நண்பர் என்று நாலு பேராக அடுத்த வருடம் 500 கிலோமீட்டர் அட்வென்ச்சர் ரேஸ் ஒன்றில் இறங்க நினைக்கிறார். ஆண்கள் மூவரும் காம்ரேட்ஸ், அதாவது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம், ஓடி முடித்தவர்கள். அண்ணி அரை மாரத்தான் வரை ஓடியிருக்கிறார், துடுப்பு பிடித்துப் பழக்கமில்லை. பத்து மாதம் போதுமா, எப்படிப் பயிற்சி எடுப்பது என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "அண்ணிக்குப் பதில் வேகமான வேறு பெண் யாரையாவது தேடலாமா" என்று போட்டிருக்கிறார். தம்பி, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். குழுவில் ஒருவர் மெதுவாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் கோவில்பட்டிக்காரி, டர்பனுக்கு வந்து 18 வருடம் ஆகிறது, பிசியோதெரபிஸ்ட் வேலை. இந்த வகைப் பந்தயங்களுக்கு, 24 மணி நேரப் போட்டியிலிருந்து ஆறு நாள் போட்டி வரை, பதினொரு தடவை போயிருக்கிறேன். மூன்றை முடிக்க முடியவில்லை. நான் இருந்த குழுக்கள் நடுவிலோ கடைசிப் பக்கமோ வந்தவை, அதனால் முன்வரிசைக் குழுக்கள் எப்படி யோசிப்பார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நல்லபடியாக முடித்துவிட்டு வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு மட்டும்தான் நான் சொல்வது பொருந்தும்.

இந்தப் பந்தயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989-ல் ஜெரார் ஃபூசில் என்ற பிரெஞ்சுக்காரர் நியூசிலாந்தில் நடத்திய ரெய்ட் கோலுவாஸ்தான் இன்றைய வடிவத்துக்கு ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது 1997-ல் நம் பக்கமும் வந்தது. இப்போது தென்னாப்பிரிக்கக்காரர்கள் 2011 முதல் எக்ஸ்பெடிஷன் ஆப்பிரிக்கா என்ற பந்தயத்தை நடத்துகிறார்கள், 2023-ல் உலக சாம்பியன்ஷிப்பே ஈஸ்டர்ன் கேப்பில் நடந்தது. பெரிய பந்தயங்களில் ஆணும் பெண்ணும் கலந்த நாலு பேர் குழுதான் வழக்கம். நடை, மலைச் சைக்கிள், துடுப்பு, அங்கங்கே கயிற்றில் ஏறி இறங்குவது. ஆரம்பித்துவிட்டால் கடிகாரம் நிற்காது, எப்போது எவ்வளவு தூங்குவது என்பது குழுவின் முடிவு. ஜிபிஎஸ் கூடாது, காகித வரைபடமும் திசைகாட்டியும்தான். எல்லாவற்றையும் விட முக்கியமான விதி: நாலு பேரும் ஒன்றாகவே போக வேண்டும். எத்தனை மீட்டருக்கு மேல் பிரியக்கூடாது என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், 50 என்றும் 100 என்றும் பார்த்திருக்கிறேன். ஒருவர் விலகினால் மற்ற மூவர் எவ்வளவு பலமாக இருந்தாலும் தரவரிசையில் அந்தக் குழுவுக்கு இடமில்லை. நீங்கள் எந்தப் பந்தயம் என்று சொல்லவில்லை, அதனால் அதன் விதிப் புத்தகத்தை நாலு பேரும் தனித்தனியாகப் படித்துவிடுங்கள்.

சரி, மெதுவான ஆள். மூன்று பேர் வேகம், ஒருவர் மெதுவு என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டத்தை வைத்து. மூன்றாவது நாள் விடியற்காலையில் அந்தக் கணக்கு நிற்காது. பல வருடத்துக்கு முன் மலைப்பக்கம் ஒரு நாலு நாள் பந்தயம். எங்கள் குழுவில் ஒருவர் காம்ரேட்ஸில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர், அதாவது ஏழரை மணி நேரத்துக்குள் ஓடியவர். இன்னொருவர் 49 வயதான பள்ளி ஆசிரியை. அவரைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் அவர் இல்லாத நேரத்தில் பேசியிருக்கிறோம், அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கஷ்டப்படுகிறது. இரண்டாவது இரவு வெள்ளிப் பதக்கக்காரருக்கு வயிறு கெட்டது. சொல்லவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், அதையும் சொல்லவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு ஈரப் புல் சரிவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த டீச்சர் முதல் மணி நேரத்திலிருந்து கடிகாரம் வைத்தது மாதிரி நாற்பது நிமிடத்துக்கு ஒருதரம் ஏதாவது வாயில் போட்டுக்கொண்டே வந்தவர். அந்த டீச்சர்தான் வெள்ளிப் பதக்கக்காரரைப் போர்வைப் பைக்குள் தள்ளி, பக்கத்தில் படுத்துச் சூடு கொடுத்து, சர்க்கரைத் தண்ணீர் மடக்கு மடக்காகக் கொடுத்து, விடிந்ததும் அவர் பையையும் தன் பைக்கு மேல் கட்டிக்கொண்டு நடந்தார். பந்தயத்தை முடித்தோம். அந்த எட்டு மணி நேரத்துக்கு எங்கள் குழுவின் மெதுவான ஆள் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர்தான்.

நான் போன எல்லாப் பந்தயத்திலும் இப்படித்தான். மெதுவான ஆள் என்பது ஒரு நபர் இல்லை, முறை வைத்து எல்லோருக்கும் வருகிற நிலை. சைக்கிளில் ஒருவர், இரவில் ஒருவர், தண்ணீரில் ஒருவர், மேட்டில் ஒருவர். நாலு பேரும் மாற்றி மாற்றி அந்த நிலைக்கு வருவார்கள். யார் வந்திருக்கிறார் என்பதைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அவர் பையில் இருந்து இரண்டு கிலோவை எடுத்து, தேவையானால் கயிற்றில் கட்டி இழுத்து, மறுபடி நிமிர்த்திவிடுகிற குழுதான் முடிக்கும். அதனால் பயிற்சியின் முதல் பாடம் ஓட்டமும் இல்லை, சைக்கிளும் இல்லை. "எனக்கு முடியவில்லை, பையைக் கொஞ்சம் பிடி" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுவதுதான். காம்ரேட்ஸ் ஓடிய ஆண்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். தனியாக ஓடும்போது வலியை மறைப்பது ஒரு பலம், குழுவில் அதுவே எல்லோருக்கும் ஆபத்து.

இழுப்பதைப் பழகுங்கள், உண்மையாகவே. நடையில், முன்னால் போகிறவரின் பையிலிருந்து இரண்டு மீட்டர் நீளத்துக்கு ரப்பர் மாதிரி நீளும் கயிறு, பின்னால் வருபவரின் இடுப்புப் பட்டையில். சைக்கிளில், முன் சைக்கிள் இருக்கைக்குக் கீழிருந்து பின் சைக்கிளின் கைப்பிடித் தண்டுக்கு, ஒரே இழுப்பில் கழன்றுவிடும்படி. இறக்கத்தில் கயிறு கூடாது, கட்டாயம் கழற்ற வேண்டும். இதை முதல்முறையாகப் பந்தயத்தில் செய்தால் இருவரும் விழுவீர்கள், இழுக்கப்படுபவருக்கு அவமானமாகவும் இருக்கும். ஐந்து ஞாயிறு பழகினால் இரண்டுமே போய்விடும். அண்ணியை மட்டும் கட்டி இழுக்காதீர்கள். முறை வைத்து எல்லோரும் கயிற்றின் பின் முனையில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள்.

அண்ணி விஷயத்தில் நேரடியாகச் சொல்கிறேன். "குழுவில் ஒரு பெண் வேண்டும் என்று விதி, அதனால் கூப்பிடுகிறோம்" என்று என்னைக் கூப்பிட்டவர்களோடும் போயிருக்கிறேன், "நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும்" என்று கூப்பிட்டவர்களோடும் போயிருக்கிறேன். முதல் வகைக் குழுவில் பெண் தன் வலியைச் சொல்ல மாட்டாள், ஏனென்றால் தன்னால்தான் தாமதம் என்று எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதை அவள் உணர்ந்திருப்பாள். ஒரு பந்தயத்தில் நானே குதிகால் புண்ணை ஒன்றரை நாள் மறைத்தேன், கடைசியில் அதனாலேயே வெளியே வந்தோம். அதனால் அவரிடம் கேளுங்கள்: அண்ணி, உங்களுக்கு இதில் உண்மையிலேயே ஆசை இருக்கிறதா, அண்ணனுக்காக வருகிறீர்களா? ஆசை இருந்தால், பத்து மாதத்தில் அரை மாரத்தான் ஓடுபவரை ஐந்து நாள் நடக்க வைக்க முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆசை இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுவதுதான் அவருக்கும் நல்லது. நீண்ட பந்தயங்களில் பெண்கள் ஆண்களைவிடச் சீராக வேகம் காப்பார்கள் என்று சொல்வார்கள். மாரத்தானைப் பொறுத்தவரை, இரண்டாம் பாதியில் ஆண்களின் வேகம்தான் அதிகம் குறைகிறது என்று பெரிய எண்ணிக்கைகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள். பல நாள் தூக்கமில்லாப் பந்தயத்துக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் போதாது, நான் பார்த்த வரையில் பொருந்துகிறது, அவ்வளவுதான் சொல்லலாம். இன்னொன்று, மாதவிடாய். அந்த நாட்களில் வந்தால் என்ன செய்வது, எங்கே நிற்பது, துணி மாற்ற எவ்வளவு நேரம் என்பதை நாலு பேரும் கூச்சமில்லாமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அலைச்சலில் தேதி முன்பின் ஆகும், அதனால் தேவையானதை எப்போதும் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பத்து மாதம் போதுமா? முடிப்பதற்குப் போதும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தால் போதாது. உங்கள் மூவருக்கும் ஓட்டம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. பந்தயத்தில் காலால் போகும் பகுதிகள் பெரும்பாலும் வேகநடைதான், அதுவும் ஆறேழு கிலோ முதுகில், பாதையே இல்லாத புல்லிலும் பாறையிலும். குறைவது மூன்று: சைக்கிள் இருக்கையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் பழக்கம், துடுப்புக்கான தோளும் முதுகும், சுமையோடு இறக்கத்தில் நடக்கும் தொடை. வாரத்தில் நாலைந்து நாள், மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே பெரிது. அதில் ஓட்டத்தை இரண்டு நாளாகக் குறையுங்கள். சைக்கிளுக்கு பைன்டவுன் பக்கம் கீபா கார்ஜ் இருக்கிறது, கொஞ்சம் தள்ளினால் கார்க்லூஃப். மாதம் ஒரு வார இறுதியில் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நீண்ட நாள் வையுங்கள், களைத்த காலோடு மறுபடி கிளம்புவதுதான் பாடம். சானி பாஸிலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை போகும் ஜயன்ட்ஸ் கப் பாதை சுமார் 60 கிலோமீட்டர், வழக்கமாக ஐந்து நாளில் நடப்பார்கள். அனுமதியெல்லாம் முறையாக வாங்கிக்கொண்டு அதை இரண்டு நாளில் நடந்து பார்த்தால் நாலு பேரின் குணமும் தெரிந்துவிடும். கோடையில் போனால் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் உயரத்திலிருந்து இறங்கிவிடுங்கள், டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பிற்பகல் இடியும் மின்னலும் விளையாட்டில்லை.

துடுப்பு. முதலில் ஒரு கேள்வி, நாலு பேருக்கும் நீச்சல் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றிலிருந்து அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். பிறகு ஷோங்வேனி, இனாண்டா அணைகள் மாதிரி அசையாத தண்ணீரில் ஆரம்பியுங்கள். முதல் நாளே படகைக் கவிழ்த்து, வெளியே வந்து, மறுபடி ஏறப் பழகுங்கள். உயிர்காப்பு உடை கழற்றவே கூடாது. நம் ஊரில் இதற்கு ஆசான்களுக்குப் பஞ்சமில்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சுமார் 120 கிலோமீட்டர் போகும் டூசி படகுப் பந்தயம் 1951 முதல் நடக்கிற இடம் இது. முதல் வருடம் எட்டுப் பேர் கிளம்பி இயன் பிளேயர் ஒருவர்தான் முடித்தார், ஆறு நாளுக்கு மேல் ஆயிற்று, நடுவில் பாம்பும் கடித்தது. அந்தப் பந்தயத்துக்காகப் பழகும் குழுக்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பழைய படகு இரவல் கிடைக்கும். இரட்டைப் படகில் அண்ணியை முன்னால் உட்காரவைத்து, பலமானவர் பின்னால் இருந்து திருப்பட்டும்.

வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் கால் வலியால் இழந்த நேரத்தைவிட வழி தவறி இழந்த நேரம்தான் எங்களுக்கு எப்போதும் அதிகம். நான் கல்லூரியில் என்சிசியில் திசைகாட்டி கற்றவள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், அதனால் அங்கே யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே டர்பன் பக்கம் அது 20 டிகிரிக்கு மேல், மேற்குப் பக்கமாக. பள்ளிக்கூடத்தில் காந்த ஒதுக்கம் என்று படித்திருப்போமே, அதுதான். திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சேர வேண்டிய இடத்திலிருந்து 350 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பீர்கள், மூடுபனியில் அது வேறு பள்ளத்தாக்கு. வரைபடத்தின் ஓரத்தில் அந்த அளவும், அது எந்த வருடத்துக்கானது, வருடத்துக்கு எவ்வளவு மாறும் என்பதும் அச்சடித்திருக்கும். பழைய வரைபடமானால் கூட்டிக்கழித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் 1:50,000 வரைபடம் வாங்குங்கள், அதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், கான்டூர் கோடு, அதாவது சம உயரக் கோடு, 20 மீட்டருக்கு ஒன்று. மிட்லாண்ட்ஸ் பக்கம் பைன், தைல மரத் தோட்டங்களில் வண்டித் தடங்களை நம்பாதீர்கள், மரம் வெட்டும்போதெல்லாம் அவை மாறும். மலையும் ஆறும் மாறாது, அவற்றை வைத்துப் படியுங்கள். இருவர் வரைபடம் கற்க வேண்டும். ஒருவர் படிக்கும்போது மற்றவர் பேசாமல் சரிபார்க்க வேண்டும், தூக்கம் வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் குழுவில் அந்த இருவரில் ஒருவர் அண்ணியாக இருக்கலாம். ஓட்ட வேகத்துக்கும் வரைபடம் படிப்பதற்கும் சம்பந்தமில்லை, அடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறவர்தான் பெரும்பாலும் திருப்பத்தைத் தவறவிடுவார்.

தூக்கத்தில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் திறமை, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் காட்டினார்கள். 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்த நாட்டில் வண்டி ஓட்ட சட்ட எல்லையே 0.05. இரண்டாவது இரவில் நீங்கள் சைக்கிளில் இறக்கத்தில் வருவது எந்த நிலையில் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தூங்கப் பழகிக்கொள்ளலாம் என்பது ஊகம், அப்படி உடம்பைப் பழக்க முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரம் நிறையத் தூங்கிவிட்டுப் போனால் கொஞ்சம் தாங்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. சரியாக 90 நிமிடம் தூங்கி எழ வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள், இரவுக்கு இரவு மாறும், அதை நம்பி அலாரம் வைப்பதில் பயனில்லை. நாங்கள் இரண்டாம் இரவிலிருந்து, விடியலுக்கு முன் குளிர் அதிகமான நேரத்தில், இரண்டு மூன்று மணி நேரம் ஒழுங்காகப் படுத்தோம். பகலில் பத்து இருபது நிமிடக் கோழித் தூக்கம். எழுந்த முதல் கால் மணி நேரம் யார் கையிலும் வரைபடம் கொடுக்காதீர்கள். கல் ஆடாகத் தெரியும், மரம் ஆளாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அதை உடனே மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். பயிற்சியில் ஒன்றிரண்டு முழு இரவு நடை போதும், தூக்கம் கெட்டால் யார் கோபப்படுவார், யார் மௌனமாவார் என்று தெரிந்துகொள்ள.

கால் என் வேலை, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலில் தைப்பூசத்துக்கு வெறுங்காலில் காவடி எடுத்தவர்கள் என்னிடம் வந்து "எங்கள் பாதம் கல் மாதிரி" என்பார்கள். அந்தப் பக்தியைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஆனால் தடித்த தோலுக்கு அடியில் வரும் கொப்புளம்தான் வைத்தியம் பார்க்கக் கஷ்டமானது. தடித்த தோலை முன்கூட்டியே வாரக்கணக்கில் தேய்த்துக் குறையுங்கள். ஷூ அரை முதல் ஒரு அளவு பெரிதாக, பாதம் வீங்கும். வழக்கமாகப் புண்ணாகும் இடத்தில் மருந்துக்கடைக் காகித டேப், மைக்ரோபோர் என்பார்களே, அதை உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். பல நாள் ஓட்டங்களில் நடந்த ஒரு ஆய்வு இதில் பலன் இல்லை என்றது, அதே குழுவினர் 2016-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வு கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது என்றது. ஆகவே முழு உறுதி இல்லை, ஆனால் விலை குறைவு, கெடுதல் இல்லை, நான் ஒட்டுகிறேன். இதைவிட முக்கியம் ஈரம். நிற்கும் ஒவ்வொரு முகாமிலும் சாக்ஸைக் கழற்றி, துடைத்து, சாப்பிடும் நேரம் முழுக்கக் காற்றாட விடுங்கள், தூங்கும்போது உலர்ந்த சாக்ஸ்.

சாப்பாடு மணிக்கு 200 முதல் 300 கலோரி, பசி இல்லாவிட்டாலும். செலவாவது அதைவிட அதிகம்தான், அதை ஈடுகட்டவே முடியாது. முதல் நாள் இனிப்பு ஜெல் ஓடும், இரண்டாம் நாள் அதைப் பார்த்தாலே குமட்டும். உப்பும் காரமும்தான் இறங்கும். உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரோட்டி, வேர்க்கடலை, முறுக்கு, பேரீச்சை, ஊறுகாய் கூட. புளியோதரை நம் எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள். வெயிலில் பெட்டிக்குள் கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்து என்பதை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களில் நம் நாட்டு விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் ஒருவர், 1981 காம்ரேட்ஸில் நேர்ந்ததையும் சேர்த்து 1985-ல் எழுதினார். தசைப்பிடிப்புக்கு உப்பு மாத்திரை என்பது பழைய நம்பிக்கை. பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீர்ச்சத்திலோ ரத்தத்தில் உள்ள உப்பிலோ அதற்குக் காரணமாகும் அளவுக்கு வித்தியாசமில்லை என்று கேப் டவுனில் ஷ்வெல்னஸ் குழுவினர் ஓட்டக்காரர்களைச் சோதித்துக் காட்டினார்கள். களைத்த தசைதான் முக்கியக் காரணம் என்பது அவர்கள் கருத்து, விவாதம் இன்னும் முடியவில்லை. ஐபுப்ரோஃபென் மட்டும் வேண்டாம் என்பேன். 2017-ல் வந்த ஒரு ஆய்வில் நீண்ட ஓட்டத்தின்போது அதை எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தெரிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அந்த ஆபத்து எதற்கு?

தண்ணீரால் வரும் நோய்களில் நான் மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாத்திரை எது என்பதைப் பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள். 2000-ல் மலேசியாவின் சபாவில் நடந்த எக்கோ-சேலஞ்ச் என்ற அட்வென்ச்சர் ரேஸுக்குப் பிறகு, அதில் ஓடியவர்களில் தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறி இருந்தது, செகாமா ஆற்றில் நீந்தியதுதான் காரணம். யாரும் இறக்கவில்லை. இங்கே டூசிக்காரர்கள் "டூசி கட்ஸ்" என்று சொல்லும் வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆற்றுத் தண்ணீர் வாயில் போகாமல் பார்க்க வேண்டும், குடிக்கும் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட வேண்டும், பாட்டில் வாயை ஆற்றுத் தண்ணீர் படாமல் மூட வேண்டும். நேட்டாலின் தாழ்வான நீர்நிலைகளில் பில்ஹார்சியா என்ற புழு நோயும் உண்டு, பந்தயம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புல்வெளியில் உண்ணி. 1997-ல் இங்கே நடந்த அந்த ரெய்டுக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர்கள் சிலருக்கு ஊருக்குத் திரும்பியதும் உண்ணிக் காய்ச்சல் வந்தது, அது மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பில் எங்காவது நடுவில் கறுத்த சிறு புண் என்றால், பந்தயம் ஓடியதைச் சொல்லி அன்றே மருத்துவரைப் பாருங்கள். தாமதிக்காதீர்கள்.

கயிற்றுப் பகுதி பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை, தெரிந்தவரிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ளுங்கள். பந்தயம் முடிந்த இடத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வர வேறு ஆளை இப்போதே பேசி வையுங்கள், நாலு பேரில் ஒருவரும் சாவியைத் தொடக்கூடாது. இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை.

நடுவில் ஒரு படி வேண்டும். நேராக 500-க்குப் போகாதீர்கள். ஐந்தாறு மாதத்தில் ஒரு 24 மணி நேரப் பந்தயமோ 100, 150 கிலோமீட்டர் பந்தயமோ நாலு பேராக ஓடுங்கள். ஹிமவில்லிலிருந்து ஸ்காட்பர்க் வரை மூன்று நாள் போகும் சானிடுசி சைக்கிள் பந்தயம் இருவர் இருவராகப் போவது, இடம் கிடைத்தால் அண்ணனும் அண்ணியும் ஒரு ஜோடி, நீங்களும் நண்பரும் ஒரு ஜோடி, அப்புறம் ஒருதரம் ஜோடி மாற்றி. அந்தப் படிக்குப் பிறகும் யாரையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆள் யார் என்பதை நாலு பேரும் உட்கார்ந்து பேசுங்கள், அண்ணியும் அங்கே இருக்க வேண்டும்.

இந்த மாதக் கடைசியில் பௌர்ணமிக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கிளம்பி காலை ஆறு வரை, முழுச் சுமையோடு, கயிறோடு, வரைபடத்தோடு நாலு பேரும் நடந்துவிட்டு வாருங்கள். யார் முதலில் பையைக் கொடுத்தார், எத்தனை மணிக்கு, கேட்டா கொடுத்தார் அல்லது பிடுங்க வேண்டியிருந்ததா என்று இங்கே எழுதுங்கள். அதை வைத்து உங்கள் குழுவுக்கு மாதவாரியாக ஒரு அட்டவணை போட்டுத் தருகிறேன்.